இருபது மீட்டர், நேர்

அத்தியாயம் 9

ஒரு பொய்யைக் காப்பாற்ற மூன்று நாள் பஸ்ஸில் போய் வந்த பெண்மணி கோர்பிலஹ்தி ஊரில் ஹில்க்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சவோன்லின்னாவில் இருக்கும் சித்தி மகளுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று மகள் மெர்வியிடம் சொல்லிவிட்டுப் போனாள். சித்தி மகளின் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஹில்க்கா பஸ்ஸின் முன் சீட்டைப் பிடித்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, வருகிற வளைவையெல்லாம் பென்சிலால் கிறுக்கித் தள்ளினாள். டிரைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டேவிட்டார். "ஏம்மா, நான் ஓட்டறது சரியில்லைன்னு எழுதிப் போடப் போறீங்களா?"

காரணம், போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஹில்க்காவின் கணவர் ரெய்னோவுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரங்கள் தெரிகின்றன. நேரே பார்த்தால் அங்கே புகை படிந்தது போல ஒரு திட்டு. மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ரெய்னோ மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்து, வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மெர்விக்கு இது எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்பது ரெய்னோவின் கட்டளை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் கேரவனில் சைமா ஏரிப் பக்கம் இரண்டு வாரம் போய் வருவதாகத் திட்டம். பேத்தி தில்டாவும் வருகிறாள். அவளுக்கு எட்டு வயது.

கேரவனோ மூன்றரை டன்னுக்கு மேல். அதை ஓட்டும் பழைய காலத்து லைசென்ஸ் அந்த வீட்டில் ரெய்னோவிடம் மட்டும்தான் இருக்கிறது. மெர்வியின் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. ஹில்க்கா இருபத்தொன்பது வயதில் ஒரு எல்க் மான் மேல் மோதினாள். அன்றைக்கு விட்ட ஸ்டியரிங்கை அப்புறம் தொடவே இல்லை. செப்டம்பரில் ரெய்னோவுக்கு எழுபது. டாக்டர் சீட்டு இல்லாமல் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது. ஆக, இந்தக் கோடையை விட்டால் வேறு கோடை இல்லை.

நோட்டு யோசனை யாருடையது என்று கேட்டால் இரண்டு பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வாலிபத்தில் இவர்கள் இருவரும் ராலி என்கிற கார் பந்தயத்தில் ஜோடி. காட்டுச் சாலையில் ரெய்னோ கண் மண் தெரியாமல் ஓட்டுவார், பக்கத்து சீட்டில் ஹில்க்கா நோட்டைப் படிப்பாள். வளைவு வருவதற்கு முன்பே வளைவு அவள் வாயில் வந்துவிடும். அப்படி ஏழு கோப்பை, ஒரு மரம் அறுக்கும் மெஷின் ஜெயித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள். கண் போனால் என்ன, நோட்டு இருக்கிறதே என்று நினைக்க இவர்களால்தான் முடியும்.

*

சனிக்கிழமை. ஏரியில் பனிக்கட்டி உடைந்து போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. கேரவனின் ஆரஞ்சு நிறக் குளிர்கால உறையைக் கழற்றி, படகுத்துறை வரை ஏழு கிலோமீட்டர் மண் சாலையில் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. ஒத்திகை.

"பெல்ட் போட்டியா?" என்றார் ரெய்னோ.

"நாப்பது வருஷமா இதையே கேக்கற. போடாம உன்கூட உக்கார நான் என்ன பைத்தியமா?"

"அப்ப படி."

ஹில்க்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். "இடது நாலு. அறுபது மீட்டர். வலது ரெண்டு, உள்ள வெட்டாத, பாறை இருக்கு. மேடு. மேடு தாண்டினதும் இடது மூணு."

எண் சின்னதாக இருந்தால் வளைவு கொடுமையானது என்று அர்த்தம். ரெய்னோவின் கை அவள் குரலுக்கு நகர்ந்தது. சாலையின் இரண்டு ஓரங்களும் அவருக்குத் தெரிந்தன. நடுவை அவள் சொன்னாள். மணிக்கு முப்பது கிலோமீட்டர்தான், ஆனாலும் வண்டி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. படகுத்துறையில் நிறுத்தியபோது ரெய்னோ சிரித்தார். டாக்டரைப் பார்த்து வந்ததிலிருந்து அவர் இப்படிச் சிரித்து ஹில்க்கா பார்க்கவில்லை.

"என்ன கெழவி, குரல் இன்னும் துருப்பிடிக்கல போலிருக்கே?"

"உன் கை மட்டும் என்ன? கியர் மாத்தற சத்தத்துல அக்கரையில மீன் செத்திருக்கும்."

பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஏரியை நேராகப் பார்க்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, கண்ணின் ஓரத்தால் பார்த்தார். இப்போதெல்லாம் எதையும் அப்படித்தான் பார்க்கிறார். கேட்டால் கழுத்து வலி என்கிறார்.

"புங்காஹர்யு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

ஹில்க்காவுக்கு ஞாபகம் இருந்தது. சைமா ஏரிக்குள் நீளமாக ஓடும் ஒரு மேட்டு முதுகு, அதன் மேல் சாலை, பைன் மரங்கள். கல்யாணமான புதிதில் போனது.

"அங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தண்ணி," என்றார் ரெய்னோ. "எனக்கு நடுவுலதான் ஒண்ணும் தெரியல. ரெண்டு பக்கமும் தெரியுது. யோசிச்சுப் பாரு ஹில்க்கா, இந்த நாட்டுலயே எனக்குன்னு போட்ட ரோடு அது ஒண்ணுதான். ஒரே ஒரு தடவை நானே ஓட்டிட்டுப் போகணும். அப்புறம் சாவிய உன் கையில கொடுத்துடறேன். ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

அழுதுவிடுவோமோ என்று பயந்து ஹில்க்கா, காப்பி ஆறிப் போச்சு என்று திட்டினாள்.

*

திரும்பும் வழியிலும் தடுமாற்றம் இல்லை. ஹில்க்கா படித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கும் பழைய வெறி கொஞ்சம் ஏறியிருந்தது, மறைப்பானேன். தபால் பெட்டி வரிசை வந்தது. பெட்டிகளைத் தாங்கும் கம்பத்தில் ஒரு பக்கம் புதிதாகச் சிலாம்பு பெயர்ந்திருந்தது. போன திங்கட்கிழமை ரெய்னோ காரில் இடித்தது அது. குளிர்காலத்தில் பனி தள்ளுகிற வண்டி இடித்தது என்று மெர்விக்குச் சொல்லியிருந்தார்கள்.

"தபால் பெட்டி, இடது ஒண்ணு, மெதுவா. முற்றம். இருபது மீட்டர், நேர். ஒண்ணும் இல்ல."

ரெய்னோ முற்றத்துக்குள் திரும்பினார்.

ஹில்க்காவின் கண் நோட்டில் இருந்தது. படிக்கிறவள் நோட்டைத்தான் பார்ப்பாள், சாலையைப் பார்க்க மாட்டாள், அதுதான் பழக்கம். கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

முற்றத்தின் நடுவில் தில்டா நின்றுகொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறப் புது லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நில்லு!"

ரெய்னோ பிரேக்கை மிதித்தார். பின்னால் அலமாரிக் கதவு திறந்து பாத்திரங்கள் உருண்டன. தில்டாவுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது. குழந்தை ஓடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாசல் படியில் மெர்வி காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். "அப்பா! இன்னும் இந்த விளையாட்டை விடலையா? சின்னதுல என்னையும் இப்படித்தான் அழ வைப்பீங்க. அவ பயப்படவே மாட்டேங்கறா பாருங்க!"

ஆமாம், ரெய்னோ அந்தக் காலத்தில் அப்படி விளையாடுவார். மெர்வி நிற்பதைப் பார்த்து, கிட்டே வந்து, டக்கென்று நிறுத்துவார். அப்போது அவருக்குக் கண் தெரிந்தது.

தில்டா அம்மாவிடம் ஓடினாள். வண்டிக்குள் இருவரும் அசையவில்லை.

"ஏன் கத்தின?" என்று மெதுவாகக் கேட்டார் ரெய்னோ. "முன்னாடி என்ன இருந்தது?"

"தில்டா."

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "ஆரஞ்சா ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்தது," என்றார். "உறைன்னு நினைச்சேன். நாமதான கழட்டிப் போட்டோம்." பிறகு சட்டென்று கோபம் வந்தது. "நீ ஒண்ணும் இல்லன்னு சொன்ன! ஒண்ணும் இல்லன்னு படிச்ச!"

"நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப நோட்டு தப்பு. மாத்து. முற்றத்துல குழந்தை இருக்கும்னு எழுதிக்கோ."

"எங்கன்னு எழுதறது, ரெய்னோ? எத்தனையாவது மீட்டர்ல?" ஹில்க்கா நோட்டை மூடினாள். "பாறை இருந்த இடத்துல இருக்கும். பிள்ளை இருக்குமா? அது ஓடிட்டே இருக்குமே!"

ரெய்னோ சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கத்தினதும் நிறுத்தினேனா இல்லையா?" என்றார் கீழே இறங்கும்போது. "உன் குரலுக்கு என் கால் ஒரு நொடி தாமதிச்சிருக்கா? இனிமே நீ நோட்டைப் பாக்காத, ரோட்டைப் பாரு. அவ்வளவுதான். மெர்விகிட்ட ஒரு வார்த்தை வரக் கூடாது."

இறங்கி நின்றவர், படிக்கட்டு எங்கே என்று காலால் தடவிப் பார்த்துத்தான் நடந்தார். ஹில்க்கா நோட்டை சீட்டிலேயே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினாள். வாழ்க்கையில் அவள் நோட்டை வண்டியில் விட்டுவிட்டு இறங்கியது அது முதல் தடவை.

*

சமையலறை மேசையில் வரைபடம் விரிந்தது. ஏலக்காய் பன் தட்டு அதன் ஒரு மூலையிலும் சர்க்கரைக் கிண்ணம் இன்னொரு மூலையிலும் உட்கார்ந்தன.

ரெய்னோ விரலால் வழி காட்டினார். விரல் கொஞ்சமும் தவறவில்லை; வரைபடம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. "இங்க முதல் ராத்திரி. இங்க கழிவுத் தொட்டிய காலி பண்ணிக்கலாம், தண்ணியும் பிடிக்கலாம். சவோன்லின்னா சந்தையில வெண்ணெயில வறுத்த மீன். அப்புறம் புங்காஹர்யு. அப்புறம் பூமலா, பாலத்துக்குக் கீழ சவுனா இருக்கு, வேர்க்க வேர்க்க நீராவிக் குளியல் போடலாம்."

"சீல் எங்க?" என்றாள் தில்டா. அந்த ஏரியில் வாழும், மீசை வைத்த நீர்ப்பிராணியைத்தான் கேட்டாள்.

"சைமா சீல் மே மாசந்தான் பாறை மேல வந்து படுக்கும். நாம போறது ஜூன்."

"ஒண்ணாவது லேட்டா தூங்கிட்டு இருக்கும்ல, தாத்தா?"

"இருக்கும். உன்னை மாதிரி சோம்பேறி சீல் ஒண்ணு இல்லாமலா போயிடும்?"

மெர்வி சிரித்தாள். ஜனவரியில் அவள் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவள் சிரிப்பு அளந்துதான் வருகிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை, ஜூன் முழுக்க ராத்திரி ஷிஃப்ட். "நீங்க மட்டும் இல்லைன்னா என்ன பண்ணியிருப்பேனோ," என்றாள். "தில்டா காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சிட்டு வர்றா. எனக்கும் இந்த ரெண்டு வாரம் இருக்குன்னு நினைச்சாதான் தூக்கமே வருது. அவ உங்ககிட்ட இருப்பா, பத்திரமா இருப்பான்னு."

ஹில்க்கா எழுந்து போய்க் காப்பிப் பாத்திரத்தைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவியதுதான்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். "மெர்வி..."

"என்னம்மா?"

ரெய்னோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். அவளைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

"பன் இன்னொண்ணு எடுத்துக்கோ."

நாற்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. கேட்டது இந்த ஒரு சாலை. அதைக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கொடுக்க முடியாது என்று முற்றத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொன்னால் அவருக்குக் கடைசிக் கோடை போய்விடும், மெர்விக்குத் தூக்கம் போய்விடும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதை அந்த ஒரு கை நீளம் காட்டிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹில்க்காவுக்கு வழி இல்லை.

"நான் என் கட்டிலைப் பாத்துட்டு வர்றேன்!" தில்டா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலே வண்டிக்கு ஓடினாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் நீல அட்டை நோட்டு.

ஹில்க்காவின் கையிலிருந்து பாத்திரம் துடைக்கும் துணி நழுவியது.

"அம்மா, இது ரகசிய மொழி! இடது நாலு அறுபது, வலது ரெண்டு, பாறை..."

"அட, ராலி நோட்டு!" மெர்வியின் முகம் மலர்ந்தது. நோட்டை வாங்கிப் புரட்டினாள். "இதெல்லாம் இன்னும் எழுதறியாம்மா? நான் பின் சீட்டுல தூங்கிட்டு இதையேதான் தாலாட்டா கேட்டேன். இரு, இது எந்த ரோடு? லெய்வொன்மாகி... மிக்கேலி... இது சவோன்லின்னா வரைக்கும் போகுதே!" கண்ணைச் சிமிட்டினாள். "முழங்கால் ஆபரேஷனுக்குப் போன இடத்துல இதான் வேலையா? ரெண்டு பேரும் வயசான காலத்துல ரேஸ் விடப் போறீங்களா?"

"ரேஸ்தான்," என்றார் ரெய்னோ அவசரமாக. "உங்கம்மாவுக்குப் பொழுது போகல. விளையாட்டு."

மெர்வி ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம். படித்துக்கொண்டே வந்த குரலில் சிரிப்பு இருந்தது. "மேடு, இடது மூணு. தபால் பெட்டி, இடது ஒண்ணு, மெதுவா. முற்றம். இருபது மீட்டர், நேர். ஒண்ணும் இல்ல."

அங்கே சிரிப்பு நின்றது.

அந்த வரியை அவள் மறுபடி, சத்தமில்லாமல் படித்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முற்றத்தில் வண்டி, வண்டிக்கு முன்னால் மண்ணில் இரண்டு ஆழமான டயர்க் கோடுகள். அதற்கு அப்பால் தபால் பெட்டிக் கம்பம், பெயர்ந்த சிலாம்பு இன்னும் வெள்ளையாக. குளிர்காலத்தில் உடைந்த மரம் மே மாதத்தில் அப்படி வெளுப்பாக இருக்காது. மர வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அம்மா," என்றாள். "இது நம்ம முற்றம்."

ஹில்க்கா கீழே விழுந்த துணியைக் குனிந்து எடுத்தாள்.

"நாப்பது வருஷமா அப்பா இதுக்குள்ளதான் வண்டி விடறார். இதுக்கு எதுக்கு அவருக்கு நோட்டு?"

"அது வந்தும்மா," ரெய்னோ கையை வீசினார், "ராலியில தொடக்கமும் முடிவும் எழுதியே ஆகணும், அது ஒரு கணக்கு, நீ சின்னப் பொண்ணா இருந்தப்பகூட..." வீசிய கை சர்க்கரைக் கிண்ணத்தைத் தட்டியது. அவர் கண்ணுக்கு நேராக இருந்த கிண்ணம். சர்க்கரை, வரைபடத்து ஏரிகள் மேலெல்லாம் கொட்டியது. அவர் அதைப் பார்க்காமலே பேசிக்கொண்டு போனார். "அப்பகூட உங்கம்மா இப்படித்தான் வாசல்லேந்து..."

"நில்லு, ரெய்னோ," என்றாள் ஹில்க்கா.

கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு அவர் என்றைக்குமே தாமதித்ததில்லை. பாதி வார்த்தையில் நின்றுவிட்டார்.

மெர்வி எழுந்து வந்து அப்பாவுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் நின்றாள். அவர் அவளைப் பார்ப்பதற்காக முகத்தை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினார். மறைக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. வேறு எப்படியும் அவருக்கு மகள் முகம் தெரியாது. நர்ஸாகப் பதினாறு வருடம் வேலை பார்ப்பவளுக்கு அந்தத் திருப்பல் என்னவென்று புரிந்தது. நோட்டு அவள் கையிலிருந்து மேசையில் விழுந்தது.

"தில்டா நின்னாளே," என்றாள். "அப்போ... அது விளையாட்டு இல்லையா?"

ரெய்னோவின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. சாவி இருந்த பை. எடுத்துக் கொடுக்கப் போகிறார் என்று ஹில்க்கா நினைத்தாள். அவர் எடுக்கவில்லை. உள்ளங்கையால் பையை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா," என்றாள் தில்டா, லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, "அப்ப நாம எப்பக் கிளம்பறோம்?"